ஒட்டுப்போட்ட பாட்டு

பல் டாக்டரம்மாவின் வலது கால் சும்மா இருந்ததே இல்லை. கல்லூரி நாளில் டிரம்ஸ் பெடலை மிதித்த கால், பிறகு காலமெல்லாம் பல் குடையும் இயந்திரத்தின் பெடலை மிதித்தது. குடைவதில்கூடத் தாளம் தப்பாது. பாராட்டத்தான் ஆளில்லை, கேட்பவர் வாயெல்லாம் பஞ்சு.

அவரிடம்தான் மொட்டை போனில் அந்தச் செய்தியைச் சொன்னான். மொட்டை அவர்களுடைய ராக் குழுவின் பாடகன். இடுப்புவரை முடி வளர்த்திருந்த காலத்தில் கேலிக்கு வைத்த பெயர், இப்போது கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

"பழைய மாணவர் விழாவுல நம்ம பாட்டு இருக்கு. டிரம்ஸ் என் மாப்பிள்ளை வாசிக்கிறாரு. நீ ஓரமா நின்னு கை தட்டு, போதும்."

"ஏன், எனக்கு என்ன கேடு?"

"உனக்கு முதுகுவலி இல்லையா? வயசாச்சுல்ல நமக்கும்."

"உனக்கு ஆயிருக்கும்!" என்று போனை வைத்தார். வைத்த பிறகு அழுகை வந்தது. இன்னொரு மேடை இனி எந்தக் காலத்தில் வரப்போகிறது?

அந்த 'நம்ம பாட்டு' ஒரு வெளிநாட்டுப் பாட்டு. அன்று கல்லூரிக்கே ஒரே ஒரு கேசட்தான். அதையும் டேப் ரெக்கார்டர் மென்று துப்பிவிட, கசங்கிய நாடாத் துண்டைக் கத்தரித்து வீசிவிட்டு, மீதியை ஒட்டிப் பிழைக்கவைத்தவர் டாக்டரம்மா. பிடுங்குகிற புத்தி அப்போதே இருந்திருக்கிறது. மூன்றாம் சரணத்துக்கு முன்னால் வரும் இசையில் பாதி போயே போச்சு. விடுதி முழுக்க அந்தக் கேசட்டைத்தான் பிரதி எடுத்தது, குழுவும் அதைக் கேட்டுத்தான் பழகியது. வெட்டுப்பட்ட இடத்தில் பாட்டு சட்டென்று தாவும், கூடவே கூட்டமும் ஒரு குதி குதிக்கும்.

மாப்பிள்ளை ஒத்திகைக்கு வரவில்லை. பாட்டு அத்துப்படியாம். மாப்பிள்ளையை வற்புறுத்த எந்த மாமனாருக்குத் தைரியம் உண்டு?

மேடையில் மாப்பிள்ளை நன்றாகத்தான் வாசித்தார், இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். டாக்டரம்மா வயிறெரிய ஓரத்தில் நின்று கை தட்டினார். மூன்றாம் சரணம் நெருங்கியது. கீழே நரைத்த தலைகள் பழக்கதோஷத்தில் குதித்தன, மொட்டை சரணத்தை எடுத்தான். மாப்பிள்ளையோ அசல் பாட்டின் வழியே போய்க்கொண்டிருந்தார். யார் பின்னால் போவதென்று தெரியாமல் கிடார் நின்றது. பாட்டு குப்புற விழுந்தது.

"அவசரப்பட்டுட்டீங்க மாமா. நடுவுல இன்னும் வாசிப்பு இருக்கு."

மொட்டை ஓரத்தைத் திரும்பிப் பார்த்தான்.

"இருந்துச்சு. நான்தான் வெட்டி எறிஞ்சேன்," என்று செருப்பைக் கழற்றினார் டாக்டரம்மா. "கொஞ்சம் எழுந்திரிங்க மாப்பிள்ளை."

குச்சி கைக்கு வந்தது. முதுகு வலித்தது, அதை யார் கேட்டார்கள்? வலது கால் பிறந்த வீட்டுக்கு வந்ததுபோல் பெடலில் உட்கார்ந்தது. முதலிலிருந்து ஆரம்பித்தார். மூன்றாம் சரணத்துக்கு முன்னால் டமாரென்று ஒரு அடி, ஒரே தாவல். மூட்டுவலிக்காரர்கள், தொப்பைக்காரர்கள், பேரன் எடுத்தவர்கள், அத்தனை பேரும் ஒன்றாகக் குதித்ததில் அரங்கம் அதிர்ந்தது. மொட்டை பாடிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டான். டாக்டரம்மாவுக்கு உடம்பெல்லாம் சந்தோஷம்.

முடிந்ததும் கூட்டம் "ஒன்ஸ் மோர்!" என்று கத்தியது. மாப்பிள்ளை அருகில் வந்தார்.

"அத்தை, அந்த இடம் எனக்குப் பிடிபடவே இல்லை. நான் என்ன பண்ணட்டும்?"

டாக்டரம்மா குச்சியைச் சுழற்றிப் பிடித்தார்.

"ஓரமா நின்னு கை தட்டுங்க மாப்பிள்ளை, போதும்."