மடுவுக்குள் இறங்கிய கேமரா

பக்கெட் தண்ணீருக்குள் பிளாஸ்டிக் கூட்டை அமுக்கிப் பிடித்திருந்தான் கோகுலகிருஷ்ணன். உள்ளே கேமரா இல்லை. மடித்து வைத்த டிஷ்யூ பேப்பர்தான் இருந்தது. கூடு கசிந்தால் முதலில் அது நனையட்டும்.

"பேப்பர் நனையலன்னா, உங்க மடுவுலயும் கேமரா நனையாதும்மா."

ஸ்டூடியோ பெஞ்சின் நுனியில் செந்தாமரை உட்கார்ந்திருந்தாள். பக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜவ்வாது மலையிலிருந்து ஒடுகத்தூருக்கு பஸ் ஏறி வந்திருந்தாள். கல்யாண போட்டோவுக்கும் காதுகுத்து போட்டோவுக்கும் ஆள் வரும் கடை அது. புருஷனைத் தண்ணீருக்கடியில் படம் பிடிக்கச் சொல்லி வந்தவள் அவள் ஒருத்திதான்.

ஆடி மழையில் மடுவோரப் பாறையில் அவள் புருஷன் சடையனின் செருப்பும் அரிவாளும் கிடந்தன. சடையன் இல்லை. தீயணைப்புக்காரர்கள் கொக்கி போட்டுத் துழாவினார்கள். அடியில் சேறும் பாறை இடுக்கும். எதுவும் சிக்கவில்லை. சடையனின் அண்ணன் கோவிந்தன், "செருப்ப வுட்டுட்டு கூர்க் எஸ்டேட்டுக்கு ஓடிட்டான்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். ஓடிப்போனவன் பெண்டாட்டிக்கு நிலத்தில் பங்கு இல்லை. கருமாதி நடந்தால் அவள் அவன் விதவை, நிலமும் அவளுக்கு. ஆனால் ரத்த உறவில் ஒருவராவது செத்தவர் முகம் பார்க்காமல் அந்த ஊரில் கருமாதி செய்வதில்லை. சடையனுக்கு ரத்த உறவு என்று மிச்சம் இருந்தது கோவிந்தன் மட்டும்தான்.

"மொகம் தெரிஞ்சா போதும்ணா. ஒடம்பு வராட்டியும் பரவால்ல" என்று சொல்லியிருந்தாள் செந்தாமரை.

அவள் ஆடு விற்றுக் கொண்டுவந்த பணத்துக்குள் அடங்குகிற கேமராவாகப் பார்க்கவேண்டியிருந்தது. செல்போனை உறையில் போட்டு இறக்கலாமா என்று முதலில் யோசித்தான். தண்ணீரில் தொடுதிரை விரலுக்கும் நீருக்கும் வித்தியாசம் பார்க்காது. உறையும் ஆழம் தாங்காது. அடுத்தது தண்ணீருக்கென்றே செய்த ஆக்‌ஷன் கேமரா. அதில் ஃபிளாஷ் இல்லை. தனி லைட் வாங்கினால் விலை இரண்டு மடங்கு. கடைசியில் தன்னுடைய பழைய சின்ன டிஜிட்டல் கேமராவையே எடுத்தான். அதற்குப் பொருந்தும் கெட்டிக் கூடு ஒன்று சென்னையில் ஒருவரிடம் கிடைத்தது. பட்டனை அமுக்கும் நெம்பு உடைந்திருந்ததால் மலிவு. கயிற்றில் இறக்குவதற்கு நெம்பு எதற்கு? விட்டுவிட்டுத் தானே படமெடுக்கிற வசதி கேமராவில் இருந்தது. ஃபிளாஷ் நேராக அடித்தால், மலைப்பாதையில் பனிக்குள் ஹெட்லைட் போட்ட மாதிரி தூசியெல்லாம் வெள்ளையாகத் தெரியும். வெளிச்சம் பரவி விழட்டும் என்று ஐஸ்கிரீம் டப்பா மூடியை வெட்டி ஃபிளாஷுக்கு முன்னால் ஒட்டினான்.

பேப்பர் காய்ந்தே வெளியே வந்தது.

மறுநாள் உச்சிவெயிலில் மடு கறுப்பாக இருந்தது. வெயில் மேல்தண்ணீரிலேயே நின்றுவிட்டது. ஒரு விரற்கடைகூட உள்ளே இறங்கவில்லை. மேலே பாறையில் குந்தியிருந்த கோவிந்தன் குரல் கொடுத்தான்.

"இன்னா போட்டோக்காரரே, மீனுக்கு ஆதார் கார்டு எடுக்க வந்தீங்களா?"

கோகுல் சிரிக்கவில்லை. கூட்டின் ரப்பர் வளையத்தில் கிரீஸ் தடவினான். ஒரு முடி, ஒரு மணல் ஒட்டியிருந்தாலும் போச்சு. மூன்று தடவை துடைத்து, மூடி, கல் கட்டி, கயிற்றை விட்டான். கயிறு போய்க்கொண்டே இருந்தது. உள்ளங்கையில் அதன் இழுப்பு தளர்ந்தபோது அடி வந்துவிட்டது என்று புரிந்தது.

காத்திருந்தார்கள். தண்ணீர் கறுப்பாகவே இருந்தது.

"வெளிச்சம் வரும்னு சொன்னீங்களே?" என்றாள் செந்தாமரை.

அப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது. முந்தாநாள் ஒரு குழந்தையின் பிறந்தநாள். குழந்தை சிரிக்கிற நேரத்தில் கை முந்தாது என்று, எதிரே சிரித்த முகம் தெரிந்தால் தானே கிளிக் ஆகிற வசதியில் கேமராவை வைத்திருந்தான். கசிவு, கிரீஸ், கல் என்று எல்லாவற்றையும் பார்த்தவன், அதை மட்டும் மாற்றவில்லை. இனி ஒருத்தர் சிரித்தாலொழிய அது படம் எடுக்காது. சேற்றுக்குள் யார் சிரிக்க?

சொல்ல வெட்கமாக இருந்தது. "கொஞ்சம் சரி பண்ணணும்மா, மேல இழுத்துடறேன்" என்று கயிற்றைப் பிடித்தான்.

மடுவின் அடியில் வெளிச்சம் அடித்தது.

பச்சையாக, ஒரே ஒரு தடவை. பாறைகளின் அடிவயிறு வரை தெரிந்து மறைந்தது.

"எடுத்துட்டுச்சு!" என்றாள் செந்தாமரை.

கோகுலின் கை கயிற்றிலேயே உறைந்திருந்தது. அவள்தான் பிடுங்கி இழுத்தாள். கூட்டைத் திறந்தபோது உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லை. திரையில் ஒரே ஒரு படம். கும்மிருட்டு, அதில் வெள்ளை வெள்ளையாக மிதக்கிற சேற்றுத் தூசி. கோகுல் பெரிதாக்கினான். இன்னும் பெரிதாக்கினான். தூசிதான்.

செந்தாமரை திரைமேல் நிழல் விழும்படி முந்தானையைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "இவருதான்," என்றாள். அழவில்லை.

"குட்றீ இங்க." கோவிந்தன் இறங்கி வந்திருந்தான். "சேத்தக் காட்டி என் தம்பின்னு சொல்லுவியா?" கேமராவைப் பறித்துக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனான்.

புகையிலை மென்றுகொண்டிருந்த அவன் வாய் நின்றுபோனது. தோளில் கிடந்த துண்டு நழுவித் தண்ணீரோரம் விழுந்தது. அதை எடுக்கக்கூட அவன் குனியவில்லை.

"இவன்..." என்றான். "இவன் இன்னாத்துக்குச் சிரிக்கறான்?"

கேமரா எதைப் பார்த்தால் கிளிக் ஆகும் என்று கோகுல் யாரிடமும் சொல்லவே இல்லை.

"மொகம் பாத்துட்டீங்க இல்ல மாமா," என்றாள் செந்தாமரை. குரல் உயரவே இல்லை. "ஊர்ல சொல்லுங்க. கருமாதிக்கு நாள் குறிக்கணும்."

கோவிந்தன் கேமராவைப் பாறைமேல் வைத்தான். அது கல்லில் தட்டிச் சத்தம் போட்டது. கோகுல் எடுத்து மறுபடி பார்த்தான். வெள்ளைத் தூசி. இருட்டு. வேறெதுவும் இல்லை.

நிமிர்ந்தபோது கோவிந்தன் ஊர்ப்பக்கம் கிளம்பியிருந்தான். ஆனால் அவன் முதுகு காட்டி நடக்கவில்லை. மடுவின்மேல் வைத்த கண்ணை எடுக்காமல், கையைப் பின்னால் நீட்டிக் கல்லைத் தடவித் தடவி, பின்பக்கமாகவே பாறை ஏறிக்கொண்டிருந்தான்.