தேசப்பனின் அகங்காரம் காலமானது

செவ்வாய்க்கிழமை காலையில் தன்னுடைய அகங்காரம் செத்துப்போய்விட்டதாகத் தேசப்பன் டீக்கடையில் அறிவித்தார். தேய்ந்தது, குறைந்தது என்ற பேச்செல்லாம் இல்லை. வேரோடு போய்விட்டது, இனி தேடினாலும் கிடைக்காது. இந்தப் பூமியில் அகங்காரத்தை முழுசாக ஒழித்தவர்கள் நாலைந்து பேர் இருந்தால் அதிகம். அவர்களும் இமயமலைக் குளிரில் போய் உட்கார்ந்து ஒழித்தவர்கள். காத்திவாக்கத்தில் சொந்த வீட்டில், மின்விசிறிக்குக் கீழே சம்மணம் போட்டு ஒழித்தவர் தன்னைத் தவிர யாரும் கிடையாது என்றார். சொல்லிவிட்டு, எல்லோருக்கும் சரியாகக் கேட்டதா என்று ஒரு சுற்றுப் பார்த்தார்.

கடைக்குப் பக்கத்தில் மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த அவர் மனைவி மங்கைக்கு நன்றாகவே கேட்டது. அவள் ஒரு வஞ்சிரத்தின் தலையை வெட்டிக்கொண்டிருந்தாள். வெட்டி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"செத்தது இன்னும் பேசிகினு கீதே," என்றாள்.

தேசப்பன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் பேச்சை வைத்துப் பார்த்தால், சென்னையில் இறங்கிய சரக்கில் முக்கால்வாசியை அவர் ஒருவரே இறக்கியிருக்கிறார். ஒருமுறை கப்பலையே தூக்கி அடியில் பார்த்து, பாசி பிடித்திருக்கிறது என்று கேப்டனிடம் சொல்லிவிட்டு மெதுவாகத் திரும்ப வைத்திருக்கிறார். ஓய்வுக்குப் பிறகு தூக்குவதற்கு ஒன்றும் கிடைக்காமல் ஆன்மிகத்தில் இறங்கினார். திருவொற்றியூர் தேரடிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் வாராவாரம் ஆத்ம விசார வகுப்பு நடக்கிறது. வங்கியில் மேலாளராக இருந்து காவிக்கு மாறிய ஒரு சாமியார் எடுக்கிறார். வருகிறவர்களில் பாதிப் பேர் முக்திக்கு, மீதிப் பேர் ஏசிக்கு. வகுப்பின் பின்பாதியில் கண்ணை மூடி உள்ளே பார்க்க வேண்டும். அப்போது கிளம்பும் குறட்டையைக் கேட்டு, தூரத்துத் தண்டவாளத்தில் கும்மிடிப்பூண்டி வண்டி எதிரே இன்னொரு வண்டி வருகிறதென்று நின்றுவிடும்.

அங்கே கற்றதை வீட்டில் செய்து பார்த்ததில்தான் இந்தச் சாவு.

மங்கை ஒருத்தியைத் தவிர ஊரே இதை நம்பியது. நம்பியதற்குக் காரணம் பக்தி இல்லை, ஆடி மாதம். வருகிற ஞாயிற்றுக்கிழமை எல்லையம்மனுக்குக் கூழ் வார்க்கும் திருவிழா. அன்று தீபாராதனை முடிந்ததும், அம்மன் காலடியில் வைத்த மஞ்சள் பட்டுத்துணியை எடுத்துப் பூசாரி ஒரு தலையில் கட்டுவார். அதுதான் முதல் பரிவட்டம். தேசப்பனின் அப்பா தலையில் இருந்தது, அவர் போனபின் தேசப்பன் தலைக்கு வந்தது. பரிவட்டம் ஏறிய வீட்டுப் பெண்ணுக்கு, அம்மன் சூலத்தில் குத்திய எலுமிச்சம்பழம். அந்தப் பழத்தை முந்தானையில் முடிந்துகொண்டு மங்கை கூடை முன்னால் உட்கார்ந்தால், அந்த ஆடி முழுக்க அவளிடம் விலை குறைத்துக் கேட்க யாருக்கும் வாய் வராது.

வரிசையில் அடுத்த வீடு பங்காளி ஜெயவேலுடையது. ஃபைபர் படகு வைத்து மீன் பிடிக்கிறவன். வருஷா வருஷம் தேசப்பனுக்குப் பின்னால் நின்று, பரிவட்டத்தின் முடிச்சை மட்டும் பார்த்தே தலை நரைத்தவன். முதலில் நம்பியவன் அவன்தான். எழுந்து வந்து தேசப்பனின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"அண்ணே, ஒண்ணு கேக்குறேன், தப்பா நென்ச்சிக்காதே. அகங்காரமே பூட்ச்சின்னா, இனிமே பரிவட்டம் எத்துல கட்டுவாங்கோ?"

தேசப்பன் ஞானிகளின் படத்தில் இருப்பதுபோலக் கையைத் தூக்கி, எனக்கெதற்கு இதெல்லாம் என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்தது. காது மடல் சிவந்ததை மங்கை பார்த்தாள். ஜெயவேலும் பார்த்தான். ஆனால் அவன் நம்புகிற கட்சி, ஆகையால் பார்க்காததுபோல் டீயைக் குடித்தான்.

அன்றிலிருந்து ஊர் தன் நம்பிக்கையை வளர்த்துக்கொண்டே போனது. டீக்கடை ஷாகுல் ஹமீது, ஞானிக்கு இனிப்பு ஆகாது என்று அவர் டீயில் சர்க்கரையை நிறுத்தினார். எதிரில் வந்தவர்களெல்லாம் துக்கம் விசாரித்தார்கள். காரியம் என்றைக்கு, கறிசோறு உண்டா என்று கேட்டார்கள். வாழ்நாள் முழுக்க அவருக்குப் பயந்து தெருவின் அந்தப் பக்கமாகவே நடந்த ஐஸ் வண்டிக்காரர், உருகின தண்ணீரை அவர் வேட்டி மேலேயே கொட்டிவிட்டு, கோபம் வருகிறதா என்று அக்கறையோடு முகத்தை உற்றுப் பார்த்தார். தேசப்பன் புன்னகைத்தார். அந்தப் புன்னகையைப் பிடித்து நிறுத்த அவர் செலவழித்த விசையைக் குழாய் வைத்து எடுத்திருந்தால், எண்ணூர் அனல் மின் நிலையத்தை நிலக்கரி இல்லாமலே ஓட்டியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் துண்டை வாயில் திணித்துக்கொண்டு கத்துவார். அதைக் கேட்டவள் மங்கை மட்டும்தான்.

ஒருநாள் அவர் பீரோக் கண்ணாடி முன்னால் நின்று கையைக் கையை உயர்த்திக்கொண்டிருந்தார். என்னவென்று கேட்டாள். திட்டம் வெளியே வந்தது. பரிவட்டத்தை வேண்டாம் என்று சொல்லத்தான் போகிறார். ஆனால் ஒரே தடவையில் விட்டுவிட்டால் அது மரியாதையா?

"மூணு தபா வேணாம்பேன். ஜனம் அழுவும். பூசாரி கெஞ்சுவான். அப்பால, ஊருக்காகன்னு தலைய குனிவேன். செத்தவனுக்குப் பரிவட்டம் கட்ன ஊரு இதான்னு நாளைக்கி பேசுவாங்கோ பாரு."

மங்கைக்கு ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. தட்டில் ஏற்றிய கற்பூரம் அணைவதற்குள் பட்டு ஒரு தலையில் ஏறிவிட வேண்டும் என்பது அந்தக் கோயிலின் சட்டம். ஆடிக்காற்றில் கற்பூரம் எத்தனை தடவை கெஞ்சல் தாங்கும்? ஒரு தடவைகூட வேண்டாம் என்று சொல்லிப் பழக்கமில்லாத மனுஷனுக்கு அது தோன்றவே இல்லை. சொல்லியிருக்கலாம்; அவள் சொல்லவில்லை. மஞ்சள் பட்டைக் கண்டதும் அந்தத் தலை தானாகவே குனிந்துவிடும், வாய் திறக்கவே நேரம் இருக்காது என்பதில் அவளுக்கு அவ்வளவு நிச்சயம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பம்பையும் உடுக்கையும் அடித்த அடியில் கடலே இரண்டடி பின்வாங்கி நின்று பார்த்தது. பூசாரி பாரி தீபாராதனை காட்டி, கற்பூரத் தட்டைக் கீழே வைத்து, பட்டை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். தேசப்பன் ஒரு எட்டு முன்னால் வந்தார். கண்ணாடியில் பழகின அதே கோணத்தில் கை உயர்ந்தது.

"வேணாம். எனக்கெதுக்கு."

கூட்டம் ஆகா என்றது. அப்போது கிளம்பியது காற்று. கற்பூரச் சுடர் தட்டோடு தட்டாகப் படுத்துவிட்டது. பாரி சுடரைப் பார்த்தார், உயர்ந்த கையைப் பார்த்தார், அதற்குப் பின்னால் ஏற்கெனவே குனிந்து தயாராக இருந்த ஜெயவேலின் தலையைப் பார்த்தார். கட்டிவிட்டார். முடிச்சு விழுந்ததும் சுடர் அணைந்தது. பம்பை வெடித்தது, குலவை கிளம்பியது. தேசப்பனின் கை இரண்டாவது தடவை வேண்டாம் சொல்வதற்காக இன்னும் அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தது.

எலுமிச்சம்பழம் ஜெயவேலின் மனைவி மோகனப்ரியாவின் கைக்குப் போனது. அவள் அதை மங்கையின் கண்ணெதிரில், தேவையில்லாத நிதானத்தோடு முந்தானையில் முடிந்தாள்.

அம்மன் ஊர்வலம் கடற்கரைப் பக்கம் நகர்ந்தது. மங்கை நகரவில்லை. இந்த மனுஷனை இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிட வேண்டும், ஊரே கேட்கிற மாதிரி கேட்க வேண்டும் என்று பந்தல் பந்தலாகத் தேடினாள். அவர் யார் முகத்திலும் விழிக்காமல் கூழ் அண்டாவுக்குப் பின்னால் போய் ஒளிந்திருக்கிறார். கூழ் ஊற்றிக்கொண்டிருந்தவன் பம்பைச் சத்தம் கேட்டு ஆடப் போய்விட, சும்மா நின்ற அவர் கையில் யாரோ அகப்பையைத் திணித்துவிட்டார்கள்.

வரிசை எண்ணூர் கடந்து பழவேற்காடு வரைக்கும் நின்றது என்று சொன்னால் கொஞ்சம்தான் மிகை. வடக்கேயிருந்து வந்த கம்பெனித் தொழிலாளிகள், கொடுங்கையூர் புது அடுக்குமாடிக் குடும்பங்கள் என்று அவரை இன்னாரென்று தெரியாத கூட்டம். ஒரு அடுக்குமாடி அம்மாள், பெரியவரே, முன்னால் போனவனுக்கு நிறைய, எனக்கு மட்டும் பாதியா என்று சண்டைக்கு வந்தாள். கிரேன் தேசப்பனைப் பார்த்து இப்படி ஒரு வார்த்தை சொன்னவர்கள் அந்தக் காலத்தில் துறைமுகத்தை விட்டே போயிருக்கிறார்கள். தேசப்பன் இன்னொரு அகப்பை ஊற்றி, சூடு பார்த்துப் பிடிக்கச் சொன்னார்.

மங்கை பக்கத்துக்காரியின் சொம்பைப் பிடுங்கிக்கொண்டு வரிசையில் நின்றாள். அவள் முறை வந்தது.

"இன்னாயா, ஜெயவேலு தலைல பரிவட்டம் ஜம்முனு கீதா?"

அவர் நிமிரவில்லை. "கீது. முட்ச்சிதான் லூசு, காத்துல பூடும். யாருனா போய் இழுத்துக் கட்டுங்கோ. சொம்ப நீட்டும்மா."

அம்மா! கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளை அவர் "இன்னாமே" என்பதைத் தவிர வேறு மாதிரி கூப்பிட்டதில்லை. ஒரு தம்ளர் தண்ணீர்கூட அவளுக்கு மொண்டு கொடுத்ததில்லை. நடிக்கிறார் என்று முடிவுகட்டி மறுபடி வரிசையில் போய் நின்றாள். இந்தத் தடவை கூர்மையாகவே குத்தினாள்.

"உங்கப்பன் தலைல இருந்தத தூக்கி எவன் கைலயோ குட்த்துட்டியே, வெக்கமா இல்ல?"

"வெங்காயம் அந்தாண்ட கீது, எட்த்துக்கோம்மா. பின்னாடி ஆளு நிக்கிது, நவுரு."

மூன்றாவது தடவை நின்றபோது அவளுக்குத் திட்ட வாய் வரவில்லை. முகத்தை மட்டும் பார்த்தாள். மீசையெல்லாம் கேழ்வரகு. நெற்றி வேர்வை மூக்கு நுனிக்கு வந்து தொங்கியது. அவளுக்கு அந்த முகம் அத்துப்படி. அதற்குள் எப்போதும் ஒரு ஆள் உட்கார்ந்துகொண்டு, யாராவது நம்மைப் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே இருப்பான். தூக்கத்தில்கூட அவன் இருப்பான். இப்போது அவன் இல்லை. அகப்பை இருந்தது, நீட்டிய பாத்திரம் இருந்தது, நடுவில் கூழ் போய்க்கொண்டிருந்தது.

அண்டா அடிவரை சுரண்டித் தீர்ந்ததும் தேசப்பன் முதுகை நிமிர்த்தினார். எதிரில் நின்ற அவளைக் கண்டு திடுக்கிட்டு, எப்போது வந்தாய் என்று கேட்டார். வீட்டுக்கு நடக்கிற வழியிலேயே உள்ளே இருந்த ஆள் திரும்பி வந்துவிட்டான். தெருமுனை திரும்புவதற்குள், வடசென்னையில் பாதிக்குத் தான் ஒற்றைக் கையால் கூழ் ஊற்றிய கதை தயாராகிவிட்டது.

மறுநாள் காலை டீக்கடையில் அது முழு வீச்சில் ஓடியது. பரிவட்டம் கை மாறியது அம்மன் தன் காதில் நேரடியாகப் போட்ட உத்தரவு என்றார் தேசப்பன். ஆனால் ஊருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. தன் நம்பிக்கையை அது வாபஸ் வாங்கிக்கொண்டது. ஷாகுல் ஹமீது அவர் டீயில் மறுபடி சர்க்கரை போட்டார். அகங்காரம் செத்ததாவது, அது குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்து டீ குடிக்கிறது பார் என்று நேற்றுவரை துக்கம் விசாரித்தவர்களே சிரித்தார்கள். பரிவட்டம் கட்டிய தெம்பில் ஜெயவேல் மங்கையின் பக்கம் திரும்பினான்.

"அண்ணி, நீதான் மொதல்லர்ந்தே நம்பாத ஆளு. நீயே சொல்லு. செத்துச்சா, இல்லியா?"

கடை முழுக்க அவளைப் பார்த்தது. தேசப்பன் டீ கிளாசுக்குள் பார்த்தார். மங்கை அரிவாள்மனையில் இருந்த மீனை எடுத்துத் தள்ளி வைத்தாள்.

"செவ்வாக்கெழம ஒண்ணும் சாவல. இந்தாளு ஒக்காந்துகினே தூங்கிட்டாரு, கொறட்ட எனுக்குக் கேட்டுச்சு," என்றாள். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள். "நேத்து செத்துச்சு. அண்டா தீர்ற வரைக்கும். நான் எதிர்ல நின்னுகினு வாய்க்கு வந்தத திட்றேன், என்னியே யாருன்னு தெர்ல."

தேசப்பன் தலையைத் தூக்கினார். அவர் முகத்தில் உண்மையான குழப்பம்.

"நேத்தா? நேத்து எப்போமே?"

"உனுக்கு எப்டித் தெரியும்? நீதான் இல்லியே," என்றாள் மங்கை. பிறகு கடைப் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். "மெய்யாலுமே நடந்துச்சு. நான் பாத்தேன்."