இருட்டறையில் பேசியது

டைம்கீப்பருக்குத் தெரியாத ஊர் கிடையாது, பெயரளவில். இருபத்தாறு வருஷமாகப் பேருந்து நிலையத்தில் ஒரு கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எத்தனை மணிக்கு எங்கே கிளம்புகிறது என்று மைக்கில் சொல்லி வந்தவர். ஊரையெல்லாம் வண்டி ஏற்றி அனுப்பினாரே தவிர, தான் பெட்டி கட்டிக்கொண்டு கிளம்பியது மிகக் குறைவு. இந்த முறை மனைவி விடவில்லை.

"என் தம்பி அங்க போய் ஏழு வருஷம் ஆச்சு. ஒரு தடவையாவது எட்டிப் பாத்தோமா? நாலு நாள் லீவு போடுங்க."

தம்பி என்றால் மனைவியின் ஒரே தம்பி, வீட்டில் எல்லோருக்கும் சின்னவன். அவன் மேல் டைம்கீப்பருக்கு ஒரு பழைய மனத்தாங்கல் உண்டு. அவன் படிப்பை முடித்த வருஷம், செருப்புத் தேய அலைந்து, பார்க்க வேண்டிய அதிகாரிகளையெல்லாம் பார்த்து, தன் பணிமனையிலேயே அவனுக்கு ஓர் எழுத்தர் வேலைக்கு ஏற்பாடு செய்திருந்தார். சேர வேண்டிய நாளில் அவன், "வேணாம் அத்தான், எனக்கு ஒலி சம்பந்தமா படிக்கணும்" என்று சொல்லிவிட்டு நகரத்துக்கு ரயிலேறிவிட்டான். அதிகாரிகள் முன்னால் அவர் அசடு வழிய நிற்க வேண்டியதாயிற்று. பிறகு அவனே ஒரு பெண்ணைப் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் பிரிந்து போய்விட்டாள். ஏன் என்று யாரும் அவனைக் கேட்கவில்லை. ஆளாளுக்கு ஒரு காரணத்தைத் தாங்களே வைத்துக்கொண்டார்கள்.

ரயில் நிலையத்துக்கே வந்து சின்னவன் இரண்டு பெட்டிகளையும் பிடுங்கிக்கொண்டான். முகமெல்லாம் சிரிப்பு. ஒற்றை அறையும் சமையலுக்கு ஒரு சந்தும் உள்ள வீடு. ஜன்னல் துணி புதிதாகத் துவைத்துப் போட்டிருந்தது. இவர்களுக்கென்றே இரண்டு தட்டு, இரண்டு துண்டு வாங்கி வைத்திருந்தான். மூன்றாம் நாள் காலை, "இன்னிக்கு எங்க கலைக்கூடத்தைப் பாக்கறீங்க. எனக்கு மத்தியானம்தான் வேலை ஆரம்பம். அதுவரைக்கும் நானே கூட வரேன்" என்றான்.

அங்கே அவனுக்கு என்ன வேலை என்பது குடும்பத்தில் யாருக்கும் சரியாகப் புரிந்ததில்லை. ஒலி வேலை என்பான். ஒலிபெருக்கி கட்டுகிறவன் போலிருக்கிறது என்று டைம்கீப்பர் முடிவு கட்டியிருந்தார்.

பழைய சரக்குக் கிடங்கு ஒன்றை அப்படியே வைத்து உள்ளே மட்டும் மாற்றிக் கட்டியிருந்தார்கள். சுவரில் மாட்டிய படங்களைக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்து வரும் இடம் என்று அவர் நினைத்திருந்தார். ஒரு படம்கூட இல்லை. முதல் கூடம் முழுக்கக் கண்ணாடி. தரை, கூரை, சுவர் எல்லாமே. எந்தப் பக்கம் திரும்பினாலும் நூறு டைம்கீப்பர்கள் திரும்பினார்கள். வழி என்று நினைத்து விறுவிறுவென்று நடந்தவர், கண்ணாடியில் நெற்றியை மடாரென்று இடித்துக்கொண்டார். பின்னால் வந்த ஒரு பெண்கள் கூட்டம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. சின்னவன் ஓடி வந்து, "அத்தான், என் கையைப் புடிச்சுக்குங்க" என்று அவரைக் கைப்பிடித்து நடத்திக்கொண்டு போனான். சின்னவன் செய்தது ஒத்தாசைதான். ஆனால் கூட்டத்தின் நடுவே, பார்வை போனவரைப் போல அவன் கையைப் பிடித்து நடந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. நெற்றி வலித்ததைவிட அது வலித்தது.

அடுத்த கூடத்தில் தரையெங்கும் வெளிச்சம் தண்ணீராக ஓடியது. காலை வைத்தால் காலைச் சுற்றிக்கொண்டு போனது. மனைவி சின்னப் பெண் போலச் சேலையைச் சற்றே தூக்கிக்கொண்டு நடந்தாள். அவர் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து சின்னவன் விடைபெற்றான்.

"அடுத்தது ரெண்டு ரெண்டு பேராத்தான் விடுவாங்க. நீங்க நிதானமா பாருங்க. முடிச்சுட்டு மாடியில என் ரூமுக்கு வாங்க அத்தான்."

அடுத்த அறையின் வாசலில் ஓர் ஊழியப் பெண் நின்றாள். நாற்பத்து மூன்று என்று எண் போட்ட ஓர் அட்டையை அவர் கையில் கொடுத்து, பக்கத்திலிருந்த பலகையைக் காட்டினாள்.

"இதைப் படிச்சுட்டு உள்ள போங்க சார்."

"படிச்சாச்சு, படிச்சாச்சு" என்று பலகைப் பக்கமே திரும்பாமல் உள்ளே நுழைந்தார்.

உள்ளே கும்மிருட்டு. சுவரில் மெத்தை போல ஏதோ ஒட்டியிருந்தது. வெளியிலிருந்து ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. தடவித் தடவி ஒரு பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். ஒரு நிமிஷம் போயிற்று. ஒன்றுமே நடக்கவில்லை. டைம்கீப்பருக்குப் புரியாத இடத்தில் சும்மா இருக்க வராது. வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

"இதுக்குப் பேரு கலையா? நம்ம ஊர்ல கரண்ட் ஆபீஸ்காரன் தினமும் காட்டறானே!"

மனைவி களுக்கென்று சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு அவருக்குத் தெம்பு கொடுத்தது.

"நான் பாத்து வச்ச வேலையில சேந்திருந்தா இன்னிக்கு உன் தம்பி தலைமை எழுத்தர். கண்ணாடியில முட்டறவனுக்குக் கை குடுக்கறதெல்லாம் ஒரு உத்தியோகமா? வாழத் தெரியாதவன். அந்தப் பொண்ணு விட்டுட்டுப் போனதுல என்ன தப்புங்கறேன்? நான் அவ எடத்துல இருந்தா இன்னும் முன்னாடியே போயிருப்பேன்."

இன்னும் என்னென்னவோ பேசினார். மனைவி மறுத்துப் பேசியதாக அவருக்குத் தோன்றவில்லை. சொல்லாதது ஒப்புக்கொண்டதாகும் என்று எடுத்துக்கொண்டார். கதவு திறந்து வெளிச்சம் வந்தபோது மனசு லேசாகியிருந்தது.

அதற்கடுத்து ஒரு பெரிய கூடம். கூரையிலிருந்து நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன ஒலிபெருக்கிகள் கம்பியில் தொங்கின. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு குரல். ஜனங்கள் கம்பளத்தில் படுத்துக்கொண்டும் சாய்ந்துகொண்டும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு கிழவர் குரல் செத்துப்போன தன் நாயைக் கூப்பிட்டது. ஒரு பெண் கணக்குப் பரீட்சையில் தோற்றதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தாள். யாரோ வார்த்தையில்லாமல் முனகிப் பாடினார்கள். மனைவி ஒரு குரலுக்கு நேர் கீழே போய் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இதெல்லாம் யாரு பேசறது?" என்று அவர் அங்கிருந்த காவலாளியைக் கேட்டார்.

"இங்க வர்றவங்கதான் சார். அந்த இருட்டு ரூம்ல பேசறது எல்லாம் பதிவாகும். வாசல்ல பலகை போட்டிருக்கே."

டைம்கீப்பர் கையிலிருந்த எண் அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"இன்னிக்குப் பேசினது?"

"அது நாளையிலேருந்து ஓடும். அதுக்கு முன்னாடி ஒருத்தர் எல்லாத்தையும் காதால கேட்டுப் பாத்துதான் விடுவார். மத்தியானமே வந்துட்டார். அதோ, மேல கண்ணாடி ரூம்ல இருக்கார் பாருங்க."

அண்ணாந்து பார்த்தார். காதில் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு, இவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான் சின்னவன்.

மாடிப்படி இருபதும் அன்று இருநூறாகத் தெரிந்தது. மனைவி முன்னால் ஏறினாள். கதவைத் தட்டியதும் சின்னவன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு எழுந்தான். சிரித்தான். காலையில் சிரித்த சிரிப்பில் பாதி இருக்கும்.

"வாங்க. உக்காருங்க. டீ வாங்கிட்டு வரேன்."

"அதெல்லாம் எதுக்கு மாப்ள? பிரமாதம்! அடேயப்பா! இந்த மாதிரி ஒண்ணை நான் ஜென்மத்துல பாத்ததில்ல" என்று டைம்கீப்பர் மைக்கில் பேசுகிற குரலில் ஆரம்பித்தார். தன் காதுக்கே அது பொய்யாகக் கேட்டது. நிறுத்தவும் தெரியவில்லை. "உன் வேலை என்ன சாமானியமா? எவ்வளவு பொறுப்பு!"

சின்னவன் திரையைப் பார்த்துக்கொண்டே நிதானமாகச் சொன்னான்: "பெரிய வேலையெல்லாம் இல்ல. பேர், போன் நம்பர், கெட்ட வார்த்தை இருந்தா எடுத்துடுவேன். மத்ததை அப்படியே விட்டுடணும். எங்க விதி அது."

"பேர் சொல்லாம யாரையாவது மட்டமா பேசியிருந்தா?"

"அது போகும் அத்தான். யாரைச் சொல்றாங்கன்னு கேக்கறவங்களுக்குத் தெரியாதே."

சொல்லிவிட்டு டீ வாங்கக் கிளம்பிப் போனான். மனைவி மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டுட்டான்" என்றாள்.

"ம்."

"நானும் சிரிச்சேன். அதையும் கேட்டிருப்பான்."

டைம்கீப்பர் எழுந்து கீழே போனார். போகும்போது என்ன செய்யப் போகிறோம் என்று அவருக்கே தெரியாது. நுழைவு மேஜையில் கண்ணாடி போட்ட ஒரு பெண் இருந்தாள். எண் அட்டையை அவள் முன் வைத்தார்.

"இதுல பேசினது வேணாம்மா. எடுத்துடுங்க."

"தாராளமா எடுக்கலாம் சார். உங்க பதிவுதானான்னு ஒரு தடவை கேட்டுட்டு, இந்தத் தாள்ல எழுதிக் கையெழுத்துப் போடுங்க" என்று ஒரு ஹெட்போனை நீட்டினாள்.

"கேக்காமலே போடறேனே?"

"இல்ல சார், கேட்டுத்தான் ஆகணும்."

மாட்டிக்கொண்டார். இருபத்தாறு வருஷம் மைக்கில் பேசியவர், தன் குரலைத் தான் உட்கார்ந்து கேட்டது அன்றுதான். ஏதோ ஒரு நிமிஷம் பேசினோம் என்று நினைத்திருந்தார். நான்கு நிமிஷத்துக்கு மேல் ஓடியது. "மெதுவா பேசுங்க" என்று மனைவி சொல்லியிருந்தாள். "வேணாங்க" என்று இரண்டு முறை சொல்லியிருந்தாள். "வாசல்ல என்னமோ எழுதியிருந்துச்சே" என்றுகூட ஆரம்பித்திருந்தாள். அவை எதுவும் அப்போது அவர் காதில் விழவில்லை. ஒவ்வொரு முறையும் அவர் குரல் அவள் குரலை மிதித்துக்கொண்டு போனது. அந்தப் பெண் விட்டுப் போனதைப் பற்றிச் சொன்ன பிறகு, தானே ஹாஹாவென்று சிரித்திருந்தார். கடைசியில், பேசியதாக நினைவே இல்லாத ஒன்று வந்தது:

"நாம வந்து நிக்கற நாலு நாள்தான் அந்த வீட்டுல மனுஷக் குரல் கேக்குது. எனக்கு என்ன ஆசையா? பாவம்னுதான் வந்தேன்."

ஹெட்போனைக் கழற்றி வைத்தார். காது மடல் எரிந்தது. எதிரே இருந்த பெண் எதையும் கேட்கவில்லை, அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க அவரால் முடியவில்லை. தாளில் எண், நேரம், கையெழுத்து எல்லாம் போட்டார். காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது.

"இதைக் காலியா விடலாமா?"

"எதாவது எழுதுங்க சார். மேல இருக்கறவர் அதைப் பாத்துதான் எடுப்பார்."

பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். தெரியாமல் பேசிவிட்டேன் என்று எழுத வந்தது. அது பொய். விளையாட்டாகப் பேசினேன் என்பதும் பொய்தான். கடைசியில், "பேசினது நான்தான். பேசியிருக்கக் கூடாது" என்று எழுதிக் கொடுத்தார்.

மாலை ஆறு மணிக்கு வேலை முடிந்து சின்னவன் இறங்கி வந்தான். டீயைக் குடித்துவிட்டு மனைவியும் கீழே வந்திருந்தாள்; அதுவரை இருவரும் வாசல் படியிலேயே உட்கார்ந்திருந்தார்கள். மூவரும் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்கள். அக்கா தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் விடுவித்துக்கொள்ளவில்லை.

"தாள் வந்துச்சு. எடுத்துட்டேன்" என்றான் சின்னவன், யாரையும் பார்க்காமல்.

"மாப்ள…" டைம்கீப்பர் அவன் பக்கம் திரும்பினார். "என்னை மன்னிச்சுடு."

அவன் நாலடி நடந்தான்.

"மெஷின்லேருந்து எடுத்தாச்சு அத்தான். நான் கேட்டது கேட்டதுதானே? நீங்க வரீங்கன்னு சொன்னதுலேருந்து ஒரு மாசம் அந்த வீட்டைத் தேச்சுத் தேச்சுக் கழுவினேன். பாவம்னு வந்திருக்கீங்க."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தார்.

"அவ ஏன் போனான்னு ஒரு தடவை என்னைக் கேட்டிருக்கலாம்."

"இப்பக் கேக்கறேன். ஏன் போனா?"

"இப்ப வேணாம்" என்றான் சின்னவன். பேருந்து வந்துவிட்டது.

மறுநாள் அவர்கள் ஊர் திரும்பினார்கள். சின்னவன் ரயில் நிலையம் வரை வந்தான், சன்னலோரம் நின்று தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தான், அக்காவிடம் மாத்திரையை மறக்காதே என்றான். அத்தானிடம் "போயிட்டு வாங்க" என்றான். குறை சொல்ல எதுவும் இல்லை. அதுதான் அவரை வழியெல்லாம் உறுத்தியது. சண்டை போட்டிருந்தால் திரும்பி இரண்டு வார்த்தை பேசித் தீர்த்துக்கொண்டிருப்பார்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவரே சின்னவனுக்குப் போன் செய்ய ஆரம்பித்தார். ஆரம்பத்தில் இரண்டு நிமிஷம் தாங்காது. சாப்பிட்டியா, சாப்பிட்டேன், மழை உண்டா, இல்லை. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, இவர் எப்போது போனைத் தருவார் என்று பார்த்துக்கொண்டிருப்பாள். சில வாரம் அவன் எடுக்கவே மாட்டான். எடுக்காத நாளில் அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விடுவார்.

மூன்றாவது மாசம் ஒரு ஞாயிறு, பேச்சு முடிந்து வைத்துவிடுவான் என்று நினைத்த நேரத்தில் சின்னவன் சொன்னான்: "போன வாரம் அவ கூப்பிட்டா அத்தான்."

டைம்கீப்பர் நாற்காலி நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.

"எங்க ரெண்டு பேருக்கும் என்ன ஆச்சுன்னா…" என்று ஆரம்பித்தவன் அங்கேயே நின்றுவிட்டான். அந்தப் பக்கம் ஒரு பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. மனைவி போனுக்காகக் கையை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டி அவளை உட்காரச் சொல்லிவிட்டு, போனை இன்னும் காதோடு அழுத்திக்கொண்டார்.