நாசிலின் தொண்டை

...ராஜீவ்தான், அவனைத் தவிர வேறு யார், எங்கள் ராக்கெட் எஞ்சினின் வாய்க்குழலை, அந்த நாசிலை, லேத்தில் கடைந்தவன் அவன், பட்டறையில் தனியாக நின்றவன் அவன், எஞ்சின் வெடித்த அன்று எல்லோரும் முகம் வெளுத்து நிற்கும்போது "பரவால்ல மோனிஷா, அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டியவனும் அவன்தான், அவ்வளவு நல்லவனாக ஒருத்தன் இருப்பானா? கே.ஜி.கண்டிகையில் ஏறிய பஸ் நகர்வேனா என்கிறது, திருத்தணியில் ரயிலைப் பிடித்தால்தான் காலேஜ் விசாரணைக்குப் போய்ச் சேர முடியும். பக்கத்தில் அம்மா, மலைக்கோயிலுக்குப் போகிறாள், மடியில் பூப்பொட்டலம். துறைத்தலைவர் கேட்பார், நான் அவன் பெயரைச் சொல்வேன், ராக்கெட் டீமை விட்டே அவனைத் தூக்குவார்கள். தூக்கட்டுமே. இரண்டு வருடம் உயிரைக் கொடுத்துக் கட்டிய சின்ன எஞ்சின், தரையில் பூட்டிப் பற்றவைத்த உடனே டமால், யாருக்கும் அடிபடவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

நாசிலுக்கு உயிரே தொண்டைதான், எரிந்த வாயு பீறிட்டு வெளியேறும் வழியில் மிக ஒடுங்கிய இடம், சுண்டுவிரல்கூட நுழையாது, அது அகன்றால் தள்ளும் வேகம் போய்விடும், குறுகினால் உள்ளே அழுத்தம் எகிறி எஞ்சினே வெடிக்கும். படித்துப் படித்து, கணக்குப் போட்டுப் போட்டு நான் எடுத்த அளவு அது. டீமைப் பார்த்துக்கொள்ளும் சார்கூட, சோதனையில் பதிவான அழுத்த வரைபடத்தைப் பார்த்துவிட்டு, ஏதோ அடைச்ச மாதிரி இருக்கே என்றார். அப்படியானால் அடைத்தவன் அவன், நான் டீம் லீடர் ஆனதிலிருந்தே அவன் சிரிப்பு சரியில்லை... ஆனால் எப்போது அடைத்தான்? கடைந்து கொடுத்த அன்றே பிடுங்காத குறையாக வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து பீரோவில் பூட்டினேனே, பொருத்தும்போதும் அவனைத் தொடவிடவில்லையே. "ஒரு தடவ தொண்டைய அளந்துடலாமா?" என்று கேட்டான், எதற்கு அளக்கணும், அந்தச் சாக்கில் எதையாவது செருகவா, ஒண்ணும் வேணாம் என்று துணியைப் பிரித்த கையோடு நானே முடுக்கிவிட்டேன். அப்புறம் எங்கே, எந்த நேரத்தில்... திருட்டுப்பயல், கைவேலைக்காரன், ஏதோ வழி கண்டுபிடித்திருப்பான்.

"என்னாடி, யாரையோ கடிச்சித் துன்ற மாதிரி மொறைச்சிகினு வர்ற?" என்றாள் அம்மா. வீட்டில் அதுவரை மூச்சுவிடவில்லை நான், எரிச்சலில் வாய் தவறி வந்துவிட்டது, எங்க எஞ்சின் வெடிச்சிடுச்சிம்மா, எவனோ நாசில அடைச்சிட்டான். "எது, அந்தக் கறுப்பா, புனலாட்டம், பீரோல வெச்சிருந்தியே, அதுவா?" ஆங், என்றேன். "அதெப்பிடி வெடிக்கும்? கிருத்திகைக்கு மலைக்கு எடுத்துகினு போயி சாமி காலாண்ட வெச்சி வாங்கியாந்தேனே! மேல பூசுனா நீ கத்துவேன்னு அதெல்லாம் தொடச்சிட்டேன், உள்ள அந்த ஓட்டைல மட்டும் சந்தனத்த அமுக்கி வெச்சேன். எவன் கண்ணும் படக்கூடாதுன்னு." சொல்லிவிட்டு என் முகத்தையே பார்க்கிறாள், நல்லது செய்த முகம். எங்கள் ஊர்ப் பக்கத்தில் புது பைக்கா, டிராக்டரா, ஹால் டிக்கெட்டா, எது வந்தாலும் முதலில் மலைக்குத்தான், என் நாசில் மட்டும் எப்படித் தப்பும், பீரோ சாவி எப்போதும் அவள் இடுப்பில்தானே.

அய்யோ, சந்தனம்... காய்ந்து கல்லாகி, சரியாகத் தொண்டையில். அவன் அளந்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். துறைத்தலைவரிடம் போய் என்ன சொல்வேன், எங்க அம்மா சாமிக்கு வெச்சாங்க சார் என்றா? காலேஜே சிரிக்கும், லீடராவது ஒண்ணாவது. வாயை மூடிக்கொண்டால் யாருக்குத் தெரியப்போகிறது, அவன் போவான், நான் இருப்பேன். "தப்பு பண்ட்டேனாடி?" என்று அம்மா கேட்டாள், குரல் இறங்கிவிட்டது. இல்லம்மா என்றேன். பஸ் திருத்தணிக்குள் திரும்பியது, எல்லோரும் எழுந்து நெருக்குகிறார்கள், நான் உட்கார்ந்தே இருக்கிறேன். என்ன சொல்வது என்பதுகூட இல்லை இப்போது என்னை அரிப்பது. ராஜீவ் எனக்கு எதுவுமே செய்யவில்லை, அது தெரிந்த நொடியில் அப்பாடா என்றல்லவா இருக்க வேண்டும்... எனக்கு ஏமாற்றமாக இருந்தது.