பிள்ளையார் நடந்து வந்த படம்

செத்த வீட்டுக்காரர் கோயிலுக்குப் போகக்கூடாது. மியூசியத்துக்குப் போகலாமா கூடாதா என்று யாரும் விதி எழுதி வைக்கவில்லை. அந்தத் துணிவில்தான் ஜெசிகா தன் தாய் சிவகௌரியை ஜெர்மனியின் எசன் நகரிலிருந்து கொலோனுக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். தகப்பன் இராசலிங்கம் செத்து இரண்டு கிழமை. சிவகௌரி சுவரைப் பார்த்தபடியே இருந்தால் அவளும் பின்னாலேயே போய்விடுவாள் என்று மகளுக்குப் பயம்.

ஜெசிகா வேலை செய்யும் மியூசியத்தில் அப்போது பிரித்தானியக் கேலிப்படங்களின் கண்காட்சி. இருநூறு வருசப் பழசு. மானக்கேடு என்று அந்தக் காலத்தில் வெளியில் விடாமல் அமுக்கியவை. பூசணிக்காய் வயிற்றோடு, பிறகு ராசாவான ஓர் இளவரசன், மடியில் அடுத்தவன் பெண்டாட்டி. பார்க்க வந்தவர்கள் குனிந்து குனிந்து பார்த்துக் குலுங்கிச் சிரித்தார்கள். செத்த ராசாவைப் பார்த்துச் சிரிக்க யாருக்குத்தான் பயம்?

"இதுகளை அந்த ராசா பாத்தவனோ?" என்று கேட்டாள் சிவகௌரி.

"பாக்காமல் இருப்பானோ? பாத்திட்டுத்தானே காசு குடுத்து அமுக்கினவன்." ஜெசிகா தாயின் கையைப் பிடித்தாள். "அம்மா, அப்பா கீறினதெண்டு யாகோப்பு மாமா சொன்ன அந்தத் தேர்ப் படம் எங்கை? கல்வெட்டிலை போடுவம்."

கல்வெட்டு என்பது முப்பத்தோராம் நாள் வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகம். அதில் செத்தவர் எல்லோரும் உத்தமர்.

"அது எப்பவோ எறிஞ்சாச்சு" என்றாள் சிவகௌரி. முழுப் பொய்.

இராசலிங்கம் பகலில் உணவகத்தில் கோப்பை கழுவி, மிச்ச நேரத்தில் ஊர்த் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கேலிப்படம் கீறிய மனிதர். ஒரு வருசம் கோயில் தேரைக் கீறினார். தேருக்குள்ளே பட்டுச் சால்வையோடு சங்கத் தலைவர் தபோதரன் வீற்றிருக்கிறார். சனம் வியர்க்க வியர்க்க வடம் பிடிக்கிறது. பக்கத்தில் பிள்ளையார் தொந்தியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்து வருகிறார்.

மலரைத் தொகுத்த யாகோப்பு மறுநாளே படத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார். "அண்ணை, இதைப் போட ஏலாது. தலைவர் கண்டால் துலைஞ்சுது."

அப்போது இவர்களுடைய அசூல் விண்ணப்பம், அகதித் தஞ்சம் கேட்ட மனு, இழுபட்டுக்கொண்டிருந்தது. ஜெர்மன் தெரிந்த தபோதரன்தான் அரச கந்தோர் கந்தோராகக் கூட வந்து மொழிபெயர்த்தவர். அந்த மனிதர் முகத்தைத் திருப்பினால் குடும்பம் நடுத்தெருவில். சிவகௌரி அன்று கைக்குழந்தையாக இருந்த ஜெசிகாவைத் தூக்கிப் புருசனின் கையில் வைத்தாள். "இவளின்ரை தலையிலை அடிச்சுச் சத்தியம் பண்ணுங்கோ, இனிக் கீற மாட்டன் எண்டு." இராசலிங்கம் குழந்தையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சத்தியம் செய்தார். விசா வந்தது, கடவுச்சீட்டும் வந்தது. பென்சில் திரும்பி வரவில்லை. ஜெசிகா பள்ளிக்கூடக் கொப்பியை நீட்டி யானை கீறித் தரச் சொன்னபோதுகூட, "அப்பாவுக்கு ஏலாது குஞ்சு" என்றார்.

சத்தியம் வாங்கிய அன்றே சிவகௌரி அந்தத் தேர்ப் படத்தைக் கிழிக்கத்தான் போனாள். ஆனால் அதில் பிள்ளையார் இருந்தார். சாமியைக் கிழிக்க யாருக்குக் கை வரும்? ஆகவே சாமித்தட்டில் இருந்த முருகன் படத்தின் சட்டத்தைக் கழற்றி, பின்னால் வைத்து மூடினாள். பிறகு இத்தனை வருசமும் தினமும் அதற்கும் சேர்த்துத்தான் விளக்கேற்றினாள். புருசனும் பக்கத்தில் நின்று கும்பிட்டார். பாவம், தன் படத்தைத்தான் கும்பிடுகிறோம் என்று அந்த மனிதருக்குத் தெரியாது.

முப்பத்தோராம் நாள். துடக்கு என்கிற சாவுத் தீட்டுக் கழிந்து சாமித்தட்டின் திரை விலகியது. இராசலிங்கத்தின் போட்டோவுக்கு முன்னால் வாழையிலையில் அவருக்குப் பிடித்தது எல்லாம் படைத்திருந்தார்கள்: கத்தரிக்காய்க் குழம்பு, உழுந்து வடை, ஒரு சிகரெட். வயசாகிப்போன தபோதரன் உருளி வைத்த நடைதாங்கியைத் தள்ளிக்கொண்டு வந்து கதிரையில் விழுந்தார். கல்வெட்டைப் புரட்டினார்.

"தங்கச்சி, ராசலிங்கம் என்னைத் தேரிலை வைச்சுக் கீறினவனாமே. அந்தப் படம் இருக்கோ?"

சிவகௌரி நிமிர்ந்து பார்த்தாள். "நீங்கள் பாக்கேல்லையோ அண்ணை?"

"எனக்கு ஆர் காட்டினது? போன வருசம்தான் யாகோப்பு சொன்னவன்."

அவள் எழுந்து போய் முருகன் படத்தை இறக்கி, சட்டத்தைக் கழற்றினாள். ஜெசிகா தாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். தபோதரன் கண்ணாடியை மாற்றிப் போட்டுப் பார்த்தார். முதலில் தோள் குலுங்கியது. பிறகு வாய் விட்டுச் சிரித்தார். "என்ரை மூக்கைப் பாருங்கோவன்! ஐயோ, பிள்ளையாருக்குக் கால் கொதிக்குது!" சிரித்துச் சிரித்து இருமல் வந்து, கண்ணில் நீர் வந்து, அது பிறகு வேறு நீராக மாறியது.

"இதுக்குப் பிறகு அவன் ஒண்டும் கீறேல்லையே. ஆர் தங்கச்சி மறிச்சது? நான் மறிக்கேல்லையே?"

கொலோனில் பார்த்த அந்தக் கொழுத்த ராசா சிவகௌரியின் நினைவில் வந்தான். அவனாவது பார்த்துவிட்டு அமுக்கினான்.

"நான்தான் அண்ணை" என்றாள். சொன்ன பிறகுதான் அழுகை வந்தது. புருசன் செத்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை.

அழுது முடிந்ததும் மகளிடம் ஒரு பென்சில் கேட்டாள். ஜெசிகா தன் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். சிவகௌரி அதைக் கொண்டுபோய் இலையில் சிகரெட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

படைத்ததை வழக்கம்போல எல்லோரும் பகிர்ந்து சாப்பிட்டார்கள். சிகரெட்டை யாகோப்பு எடுத்துக்கொண்டு வெளியே போனார். பென்சிலை மட்டும் ஒருவரும் எடுக்கவில்லை.