முதல் தண்ணீர்

"சார், இன்னைக்கே அறிவிப்புக் கொடுங்க. தண்ணியக் கொதிக்க வச்சுக் குடிக்கச் சொல்லுங்க."

வேலையில் சேர்ந்த அன்றே அவளை எச்சரித்திருந்தார்கள். ஆய்வு முடிவைச் சொல்வது உன் வேலை, அறிவிப்புக் கேட்பது உன் வேலையல்ல. குடிநீர் ஆய்வகத்தில் அவளுக்குப் பட்டாசு என்றுதான் பட்டப்பெயர்.

எதிரே இருந்த குடிநீர்ப் பொறியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பொல்லாதவர் அல்லர். சிபாரிசே இல்லாமல் வந்து நின்றவளை, இந்தப் பெண் போதும் என்று வேலைக்கு எடுத்தவரே அவர்தான். அவர் நன்றாயிருக்க வேண்டும் என்று அவள் அம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பிரச்சினை, குழாய்ப் பாதையின் கடைக்கோடியில் இருக்கும் குழந்தைகள் காப்பகம். மாதிரி எடுப்பவர்கள் குழாயைத் திறந்து, தண்ணீரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுத்தான் புட்டியில் பிடிப்பார்கள். முறை அதுதான். அப்படிப் பிடித்ததில் ஒரு குறையும் வந்ததில்லை. நேற்று பட்டாசு தானே போய், தண்ணீர் வந்த கையோடு பிடித்தாள். இன்று காலை அதில் மலக்கிருமி தெரிந்தது. குளோரின் துளிகூட இல்லை.

முறைப்படி எடுக்காத மாதிரி செல்லாது என்றார் பொறியாளர். குழாய் வாயில் ஒட்டிய அழுக்காக இருக்கலாம், மறுபடி எடுத்துப் பார்ப்போம் என்றார். முன்பு ஒருமுறை அவசரப்பட்டு அறிவித்து, கடைசியில் தண்ணீர் சுத்தமென்று தெரிந்து, ஊரே சிரித்தது அவருக்கு இன்னும் ஆறவில்லை.

"குடம் பிடிக்கிறவங்க யாரு சார் தண்ணிய ஓடவிடறாங்க? வந்த முதல் தண்ணியத்தான் காப்பக அக்கா பிடிச்சு வைக்கிறாங்க. அதுலதான் பால் பவுடர் கலக்குறாங்க. தண்ணி நிக்கிற நேரத்துல குழாய் விரிசல் வழியா சாக்கடை உள்ள வந்திருந்தா, அந்த முதல் தண்ணியிலதானே சார் வரும்."

அம்மா வீடு வீடாகப் பாத்திரம் தேய்க்கப் போனபோது, கைக்குழந்தையாயிருந்த பட்டாசை மடியில் போட்டுக்கொண்டவள் அந்த அக்கா. பள்ளிக்கூடம் போன பிறகும், மூலையில் உட்கார்ந்து படித்துக்கொள் என்று இடம் விட்டவள். பட்டாசு வாங்கிய பட்டத்தில் பாதி அந்த அக்காவுடையது.

"உனக்கு வேலை கொடுத்தேன். எனக்கே வினையை இழுத்து விடுறியேம்மா."

பட்டாசின் குரல் தணிந்தது. "அந்த நன்றி இருக்கறதாலதான் சார், மேலிடத்துக்குப் போகாம உங்ககிட்ட வந்தேன். சொன்னது தப்பாப் போனா நம்மளப் பார்த்துச் சிரிப்பாங்க, அவ்வளவுதான். சொல்லாம விட்டுத் தப்பாப் போனா பிள்ளைங்க படுத்துடும். நமக்குச் சந்தேகம் தீர்ற வரைக்கும் அவங்க அந்தத் தண்ணியக் குடிச்சிட்டிருக்கணுமா?"

"நான் முடியாதுன்னா?"

"காப்பகத்துல காலையிலேயே சொல்லி, தண்ணி காய்ச்ச அடுப்பப் பத்த வச்சாச்சு சார். இனி தெருவுக்குச் சொல்லப் போறேன். வண்டி கொடுத்தா வண்டியில, இல்லேன்னா நடந்து."

அவர் மேசைமேல் அவள் வைத்திருந்த மாதிரிப் புட்டியைப் பார்த்தார். பளிங்குபோல் இருந்தது தண்ணீர். இழுப்பறையைத் திறந்து ஒலிபெருக்கி வண்டியின் சாவியை அவள் பக்கம் தள்ளினார்.

"நான் சொன்னேன்னே சொல்லு. சிரிக்கிறவன் என்னைப் பார்த்துச் சிரிச்சுட்டுப் போகட்டும். பாதையை நான் தோண்டிப் பார்க்கச் சொல்றேன்."

அவள் சாவியை எடுத்துக்கொண்டாள். "நன்றி சார்" என்றாள். சாவி கிடைக்காவிட்டாலும் அந்தப் படிகளில் இறங்கியிருப்பாள். கிடைத்ததே என்று மனம் குளிர்ந்து, விறுவிறுவென்று இறங்கினாள்.