அப்பா அந்த டின்னைத் திறந்தாரா?

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையை நான் திருடினேன், அதுவும் பெற்ற தாயிடமிருந்து. என் பெயர் ஷாமளா. மலேசியாவில், ஜொகூர் மாநிலத்து லாபிஸில் இருந்துகொண்டு ஒன்பது சரித்திரக் காதல் நாவல்கள் எழுதியிருக்கிறேன். ஏதோ ஒரு வசதிக்காகக் கல்யாணம் செய்துகொண்டு பிறகு காதலில் விழுகிற ஜோடிகள்தான் என் சரக்கு. அதில் என்னை மிஞ்ச ஜொகூரில் ஆள் கிடையாது. பத்தாவது ஜோடியை வெளியே தேடவில்லை, வீட்டிலேயே இருந்தது.

2

முதல் தொடக்கம்: "1970. ரப்பர் மரங்கள் இலையுதிர்த்த ஒரு காலையில் செல்லத்தின் இதயம் ஏனோ..."

வேண்டாம். அன்று அம்மாவுக்கு இதயத்தைப் பற்றி யோசிக்க ஏது நேரம்?

இரண்டாவது தொடக்கம்: செல்லத்திடம் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. அதாவது, குடியுரிமை இல்லை. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பெர்மிட்டும் வாங்காவிட்டால் தோட்டத்தில் வேலை இல்லை என்றாகிவிட்டது. சொந்தங்கள் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். அவளோ அந்த ஊரைக் கண்ணால் கண்டதில்லை. ரப்பர் பால் நிறுத்துக் கணக்கெழுதும் கிராணி அமலநாதன் குடியுரிமை உள்ளவர். ஒருநாள் தராசைப் பார்த்தபடியே சொன்னார்:

"என்னைக் கட்டிக்கங்க. பொண்டாட்டின்னா குடியுரிமை கேக்கலாம். பத்திரம் வந்ததும் நீங்க உங்க வழி, நான் என் வழி."

அவர் கத்தோலிக்கர், அவள் மாரியம்மன் கோவிலே கதி என்று இருந்தவள். ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்து. ஒரே வீடு, இரண்டு பாய். (இந்த இடத்தில் வாசகர்கள் பெருமூச்சு விடுவார்கள். அனுபவத்தில் சொல்கிறேன்.)

3

அமலநாதனிடம்தான் இடறினேன். சம்பள நாள் தவறாமல் "பத்திரம் வந்துச்சா?" என்று கேட்கிற மனிதர். கதாநாயகன் இப்படியா கேட்பான்? அதனால், வந்த பத்திரத்தை அவரே ஒளித்துவைத்ததாக எழுதி அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

வந்ததே கோபம்!

"அலமாக்! செத்த மனுசன் மேல ஏண்டி பழி போடற? ஒளிச்சது நான். மூணு வருசம். பொத்தான், நூலெல்லாம் போட்டு வைப்பேனே மைலோ டின்னு, அதுக்குள்ள."

"ஏம்மா?"

"போகப் பிடிக்கல. அவரைப் பிடிச்சிருந்துச்சு. போதுமா?"

நான் பிறந்த பிறகுதான், இப்போதுதான் வந்தது என்று சொல்லி எடுத்துக் காட்டினாளாம். (இரண்டு பாய் எப்போது ஒன்றானது என்று கேட்டேன். முறைத்தாள்.)

"அப்பா என்ன சொன்னாரு?"

"பேரு சரியா இருக்குன்னாரு. அவ்வளவுதான். ஆனா அதுக்கு ரொம்ப முந்தியே, வந்துச்சா வந்துச்சான்னு கேக்கறத விட்டுட்டாரு. ஏன்னு தெரியல. தெரிஞ்சுதான் இருந்தாரா ஷாமளா? இல்ல, நான் மனுசனைக் கட்டிப்போட்டுட்டேனா? அவருக்குன்னு ஒரு வாழ்க்கை இருந்திருக்கும்ல. நீதான் எழுத்தாளராச்சே, சொல்லு லா."

ஐம்பது வருடமாக இதைச் சுமந்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

4

முடிவு அ: அப்பாவுக்குத் தெரியாது. நல்ல மனிதர், கொடுத்த வாக்குக்காக இருந்தார். (எழுதினேன், கிழித்தேன்.)

முடிவு ஆ: அம்மா பால் வெட்டப் போயிருக்கிறாள். அப்பாவின் சட்டையில் ஒரு பொத்தான் போய்விட்டது. மைலோ டின்னைத் திறக்கிறார். மடித்த தாள். பிரித்துப் படிக்கிறார், இரண்டு தடவை. முன்போலவே மடித்து வைத்துவிட்டு, ஒரு பொத்தானை மட்டும் எடுத்துக்கொண்டு மூடியை அழுத்துகிறார். அடுத்த சம்பள நாளில் அவர் எதுவும் கேட்கவில்லை.

நான் எழுதியதிலேயே நல்ல பக்கம் இதுதான். முழுக்க என் கற்பனை. அப்பா அந்த டின்னைத் தொட்டாரா என்பதே எனக்குத் தெரியாது.

5

இதோ, அம்மா மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்துவிட்டாள். கதை கேட்க எதற்குக் கண்ணாடி? என் முகத்தைப் பார்க்க.

வாசித்து முடித்ததும் "நெசமாவா? அப்பா சொன்னாரா?" என்று கேட்பாள். எழுத்தாளர் சொல்ல வேண்டிய பதில் ஒன்று, மகள் சொல்ல வேண்டிய பதில் ஒன்று. இரண்டையும் முகம் மாறாமல் சொல்ல என்னால் முடியும்.

எதைச் சொல்லட்டும்? சீக்கிரம் சொல்லுங்கள். அப்பா மூடியை அழுத்தும் வரிக்கு வந்துவிட்டேன், அம்மா இப்போதே வாயைத் திறக்கிறாள்.